தம்பியின் பெயரில் ஓடிய இதயம்

கிரேன் அக்கா. பிறப்பு 1959, மறைவு 2022. ஆலையின் பதிவேட்டில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் விசாரித்தால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார். வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றே அழைத்தனர். மேலே இருப்பவர் உயரத்தில் மூத்தவர். அது போதும் என்பது பட்டறையின் கணக்கு.

அது ஒரு வார்ப்படப் பட்டறை. உருக்கிய இரும்பை அச்சுகளில் வார்த்து, இயந்திரங்களுக்கான அடித்தளங்களையும் பெரிய சக்கரங்களையும் செய்து அனுப்புவார்கள். இரு பக்கச் சுவர்களின் உச்சியிலும் தண்டவாளம் உண்டு. அவற்றின் மீது பாலம் போலக் குறுக்கே கிடந்து, பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடும் கிரேன். பாலத்தின் அடியில் தொங்கும் சிறு கண்ணாடி அறைதான் அக்காவின் இடம். இருக்கைக்கு முன்னால் தரையிலும் ஒரு கண்ணாடி பதித்திருந்தது. முழங்கால்களுக்கு இடையே தலையைத் தாழ்த்தி அதன் வழியாகக் கீழே பார்த்தால்தான் கொக்கியும், கொக்கியில் தொங்கும் சுமையும், சுமைக்கு அருகே நிற்கும் மனிதர்களும் தெரிவார்கள். ஆகவே வேலை நேரத்தின் பெரும்பகுதியை அவர் குனிவதிலும் நிமிர்வதிலுமே கழித்தார்.

கீழே நின்று கையசைவால் வழிகாட்டுபவரை எல்லோரும் விசில் என்று அழைத்தனர். அக்காவைவிட ஒன்பது வயது மூத்தவர். அவர் கையசைத்தால், அக்கா காலால் ஒரு மிதியை அழுத்தி மணியை ஒருமுறை ஒலிக்கச் செய்ய வேண்டும். ஒரு மணி என்றால் புரிந்தது என்று பொருள். இரண்டு மணி என்றால், மாற்று ஆளை அனுப்புங்கள், நான் இறங்க வேண்டும் என்று பொருள்.

இந்த இரண்டாவது மணியில்தான் சிக்கல் இருந்தது. அக்காவுக்கு முன்னும் அவருடனும் கிரேன் ஓட்டிய ஆண்கள் அதை அடித்ததே இல்லை. மேலேயே ஒரு காலிப் புட்டியை வைத்துக்கொண்டு அவர்கள் தம் தேவையைத் தீர்த்துக்கொண்டனர். அக்காவால் அது இயலாது. அவர் இரண்டு மணி அடித்தால் கீழே யாராவது கத்துவார்கள்.

"மகாராணி பல்லக்கு இறங்குது! வழி விடுங்கப்பா!"

"பல்லக்குத் தூக்குறவன் நீதானேடா, ஒழுங்காத் தூக்கு!" என்று ஏணியிலிருந்தே அவர் பதில் கொடுப்பார். பட்டறையே சிரிக்கும். சில ஆண்டுகள் அவரும் உடன் சிரித்தார். பிறகு சிரிப்பு சலித்தது. வேலைக்கு வரும் நாளில் காலை முதலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். இரண்டு மணி அடிக்கும் தேவை அதனால் அற்றுப்போயிற்று. இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை; ஒருவரும் கேட்கவும் இல்லை.

நாற்பத்துநான்காம் வயதில் அது தொடங்கிற்று. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது, யாரோ விசையைத் தட்டிவிட்டதுபோல நெஞ்சு திடீரென்று வேகமெடுத்தது. ஓடியவருக்கு மெல்ல ஏறும் படபடப்பு அன்று அது. ஒரே அடியில் உச்சத்துக்குச் சென்று, அங்கேயே நின்று அடித்தது. தொண்டையில் துடிப்புத் தெரிந்தது. கண்ணோரங்கள் மங்கின. சிறிது நேரம் கழித்து, தொடங்கியது போலவே ஒரே அடியில் நின்றும் போனது. பின்னர் அது அடிக்கடி வரலாயிற்று. பெரும்பாலும் ஏணியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதே நின்றுவிடும். மருத்துவரிடம் சென்று சேர்வதற்குள் நெஞ்சு ஒன்றும் அறியாத பிள்ளைபோல அமைதியாக இருக்கும்.

ஆலையின் மருத்துவர் ஈ.சி.ஜி. எடுத்தார். ஒரு குறையும் இல்லை.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லீங்க."

"பசங்க நல்லாப் படிக்கிறாங்களா?"

"படிக்கிறாங்க."

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

"முன்ன பின்ன வருது."

"அதான். இந்த வயசுல பெண்களுக்கு இப்படித்தான் படபடன்னு வரும். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

மனத்தை அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதித் தந்தார். அதை விழுங்கிய நாள்களில் அக்காவுக்கு மேலே தூக்கம் சொக்கியது. ஆள்களின் தலைக்கு மேல் இரும்பைத் தூக்கிக்கொண்டு சொக்குவது எப்படி? ஒரு வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். தையற்காரரான அவருடைய கணவர் நல்லவர்தான். ஆயினும் மருத்துவர் சொன்னதையே அவரும் சொன்னார். "டாக்டரே ஒண்ணுமில்லைங்கறார். நீ ஏன் சும்மா நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பாக்கற? தொட்டாத்தான் அது துடிக்கும்." இப்படியே மூன்று ஆண்டுகள் சென்றன.

நான்காம் ஆண்டில், அதாவது 2006-இல், அவருடைய தம்பிக்கு அதே துன்பம் வந்தது. தம்பி நகரப் பேருந்து ஓட்டுநர். பணிமனைக்குள் வண்டியைத் திருப்பும்போது நெஞ்சு வேகமெடுத்து, அவன் ஸ்டியரிங் மீது சாய்ந்தான். மருத்துவமனைக்குச் சென்றபோது அவனுக்கும் நின்றுவிட்டிருந்தது. அவனுடைய ஈ.சி.ஜி.யிலும் ஒரு குறையும் இல்லை. அக்கா உடன் சென்றிருந்தார். அவன் சட்டையும் செருப்பும் அவர் மடியில் இருந்தன. இதய மருத்துவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி இது:

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் டிரைவர் சார்."

"அப்ப ரிஸ்க் எடுக்கக் கூடாது. ஒரு வாரம் மெஷின் மாட்டி அனுப்பறேன். எப்ப வந்தாலும் அதுல பதிஞ்சிடும்."

நெஞ்சில் ஒட்டும் வில்லைகள், அவற்றிலிருந்து வரும் கம்பிகள், இடுப்பில் மாட்டும் சிறு பெட்டி. அவ்வளவுதான் அந்தப் பதிவுக் கருவி. ஐந்தாம் நாளே அதில் கோளாறு பதிந்தது. இதயத்தினுள் மின்துடிப்பு செல்லும் வழியில் தேவையற்ற இன்னொரு பாதை இருக்கிறது. துடிப்பு சில வேளைகளில் அவ்விரண்டுக்குள்ளும் வட்டமடிக்கத் தொடங்கிவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பியை இதயம்வரை செலுத்தி, அந்தப் பாதையைச் சுட்டு அடைத்துவிட்டால் தீர்ந்தது. அதே மாதத்தில் தம்பிக்கு அது நடந்தது. மூன்றாம் நாள் வீட்டு வாசலில் நின்று வண்டி துடைத்துக்கொண்டிருந்தான்.

அவனை வீட்டுக்கு அனுப்பிய நாளன்று அக்கா அந்த மருத்துவரிடம் துணிந்து சொன்னார்.

"டாக்டர், எனக்கும் இதேதான் வருது. மூணு வருஷமா."

மருத்துவர் கனிவானவர்தாம். அங்கேயே ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். குறை இல்லை. "தம்பியைப் பாத்துப் பயந்துட்டீங்க. கூடப் பொறந்தவங்களுக்கு இப்படித் தோணுறது சகஜம்" என்று சொல்லிப் புன்னகை செய்தார். என்ன வேலை என்று கேட்கவில்லை. அந்தத் தாள் அக்காவின் பெயரில் ஒரு கோப்புக்குள் சென்றது.

வெளியே வந்ததும் தம்பி வெடித்தான். "நான் சொன்னா நெஞ்சு, நீ சொன்னா மனசா? நல்ல நியாயம்!"

"கத்தாதடா. தையல் பிரிஞ்சிடப் போகுது."

"தையலே போடலைக்கா, ஊசி குத்தின ஓட்டைதான்."

"அப்ப காத்து போயிடப் போகுது. வாயை மூடு."

அடுத்த இரு மாதங்களில் அக்காவின் நெஞ்சு மேலும் அடிக்கடி ஓடியது. ஒரு முற்பகலில் இயந்திர அடித்தளம் ஒன்று கொக்கியில் தொங்கிற்று, யானைக் கனம். அதை நடைபாதைக்குக் குறுக்கே கொண்டுசெல்ல விசில் கையசைத்தார். அக்கா நிமிர்ந்த நொடியில் நெஞ்சு பற்றிக்கொண்டது. அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. மணி ஒலிக்கவில்லையென்றால், மேலே உள்ளவருக்குத் தெரியவில்லை என்று எண்ணிக் கீழே நிற்பவர் இன்னும் நெருங்கி வந்து மீண்டும் கையசைப்பார். விசிலும் அவ்வாறே நெருங்கினார். சுமைக்கு அடியில், சரியாக அதன் நிழலுக்குள் வந்து நின்று, அண்ணாந்து கையை ஆட்டினார்.

கண்ணோரங்கள் கறுத்து நடுவே ஒரு தட்டளவு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அதில் விசிலின் முகம் தெரிந்தது. மயங்கி விழுந்தால் உடல் கிரேனை இயக்கும் நெம்புகோல்மீது சரியும். சரிந்தால் சுமை இறங்கும். அக்கா இரு கைகளையும் நெம்புகோல்களிலிருந்து எடுத்துத் தம் அக்குள்களில் இடுக்கிக்கொண்டு, முதுகைப் பின்சுவரில் அழுத்திச் சாய்ந்தார். கை விட்டதும் நெம்புகோல்கள் தாமே நடுநிலைக்குத் திரும்பின. சுமை அந்தரத்தில் நின்று மெல்ல ஆடியது.

"என்னக்கா, மேல தூக்கமா? கனவுல யாரு?" என்றார் விசில். சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர்.

காலைத் தேடி மிதியின்மேல் வைத்து, அக்கா பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக இரண்டு மணி அடித்தார். சிரிப்பு இரட்டித்தது. பல்லக்குக் குரல் ஒன்று எழுந்தது. விசில் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்த இரும்பைப் பார்த்தார். பிறகு பின்னோக்கி நடந்து அதன் நிழலைவிட்டு வெளியே வந்தார்.

அன்று மாலை அக்கா தம்பியின் வீட்டுக்குச் சென்றார். "இன்னைக்கு ஒருத்தரைக் கொன்னிருப்பேன்டா" என்று சொல்லி அமர்ந்தார்.

தம்பி அப்போது இரண்டாம் முறையாகப் பதிவுக் கருவியை மாட்டியிருந்தான். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க மருத்துவமனை ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பியது அது. அதன் முடிவைப் பார்த்துத்தான் அவனுக்கு மீண்டும் பேருந்தை ஓட்டத் தகுதிச் சான்று தருவார்கள். அதுவரை பணிமனையில் பயணச்சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் தன் சட்டையைத் தூக்கிப் பெட்டியைக் காட்டினான்.

"நாளைக்கு எனக்கு லீவு. நீ மாட்டிட்டுப் போ."

"உன் பேர்ல இருக்கறதுடா."

"பேர் பெட்டிக்குத்தான், நெஞ்சுக்கு இல்லை. அடுத்த புதன்கிழமை டாக்டரைப் பாக்கறப்ப நாமளே சொல்லிடுவோம். 'இந்தா பாருங்க, வியாழக்கிழமை இருக்கறது எங்க அக்கா'ன்னு. கண்ணால பாத்தா நம்பித்தானே ஆகணும்?"

அக்காவுக்கு அது சரியென்று பட்டது. மூன்று ஆண்டுகளாக நம்பப்படாதவருக்குச் சரியென்று படக்கூடிய யோசனைதான். வியாழக்கிழமை வேலை உடைக்குள் பெட்டியை மறைத்து மாட்டிக்கொண்டு ஏறினார். அன்று நெஞ்சு இருமுறை ஓடியது. ஓடுகிறதே என்று அவர் மகிழ்ந்த ஒரே நாள் அதுவாக இருக்கும். மாலையில் கருவி தம்பியிடம் திரும்பிற்று. சனிக்கிழமை அவன் மருத்துவமனையில் ஒப்படைத்தான்.

அவர்கள் எண்ணாத ஒன்று நடந்தது. புதன்வரை எவரும் காத்திருக்கவில்லை. திங்களன்றே மருத்துவமனை பதிவைப் படித்துவிட்டது. ஓட்டுநர் என்பதால் பணிமனைக்கும் உடனே தகவல் சென்றது: சிகிச்சை பலிக்கவில்லை, கோளாறு திரும்பிவிட்டது, இவர் வண்டியைத் தொடக் கூடாது, வியாழன் காலை இரண்டாம் முறை சுடுவதற்காக வந்து சேர வேண்டும். மருத்துவர் வெளியூர் சென்றிருப்பதால் புதன்கிழமைச் சந்திப்பு இல்லை என்றும் செவிலியர் தொலைபேசியில் சொன்னார்.

அக்கா ஓடி வந்தார். "இப்பவே போய்ச் சொல்லிடுவோம்."

தம்பியின் முகத்தில் பழைய துடுக்கு இல்லை. "மேனேஜர் கூப்பிட்டாருக்கா. 'ஆஸ்பத்திரி டெஸ்ட்ல ஏதாவது தில்லுமுல்லு பண்ணினவன் இனிமே இங்க ஸ்டியரிங்கைத் தொட மாட்டான், போன வருஷம் ஒருத்தன் போனான் பாத்தியா'ன்னார். சும்மா பேச்சுக்குச் சொன்னாரு. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டிடுச்சு."

"அப்ப?"

"இன்னொரு தடவை மெஷின் குடுங்கன்னு கேக்கறேன். சுத்தமா வந்துடும். என் கதை முடிஞ்சது."

என் கதை என்றான். அக்காவின் கதை என்ன ஆகும் என்பதை இருவருமே பேசவில்லை. "டாக்டர்கிட்ட நான் பாத்துக்கறேன், நீ வாயைத் திறக்காதே" என்று அவன் சத்தியம் வாங்க முயன்றான். அக்கா தரவில்லை, மறுக்கவும் இல்லை.

வியாழன் காலை மருத்துவமனையின் நீண்ட கூடத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். தம்பி உள்ளே சென்று வெகுநேரமாகியிருந்தது. மருத்துவரிடம் பேசி, மறுபதிவுக்கு நாள் வாங்கிக்கொண்டு சட்டையோடு வெளியே வருவான் என்று எதிர்பார்த்தார். கதவு திறந்தது. அவன் பச்சை அங்கி உடுத்துத் தள்ளுவண்டியில் படுத்து வந்தான்.

"என்னடா இது?"

"மறுபதிவெல்லாம் கிடையாதாம். செஞ்சாத்தான் சான்று குடுப்பாராம்." குரலைத் தாழ்த்தினான். "விடுக்கா. போன தடவை ஒண்ணும் ஆகலையே. தேடிப் பாப்பாங்க, ஒண்ணும் கிடைக்காது, வெளிய விட்டுடுவாங்க. உன் விஷயத்தை அப்புறம் பாப்போம்."

ஊழியர் வண்டியைத் தள்ளினார். கூடத்தின் முடிவில் இரட்டைக் கதவு. அதன்மேல் சிவப்பு விளக்கு. பழுதில்லாத இதயத்துக்குள் கம்பியைச் செலுத்தி, இல்லாத கோளாறைத் தேடப் போகிறார்கள். சுமைக்கு அடியில் மனிதன் நிற்கையில் என்ன செய்ய வேண்டும் என்பதில் அக்காவுக்கு ஐயம் இருந்ததில்லை. இரண்டு எட்டில் முன்னால் சென்று வண்டியின் கம்பியைப் பிடித்து நிறுத்தினார்.

"வண்டியை நகத்தாதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க."

"அம்மா, நேரமாகுது..."

"கூப்பிடுங்க!"

பட்டறையின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல் அது. கூடமே திரும்பிப் பார்த்தது. மருத்துவர் கையுறை போடாத கைகளுடன் வெளியே வந்தார்.

"டாக்டர், போன வியாழக்கிழமை அந்த மெஷின்ல ஓடினது இவன் நெஞ்சு இல்லை. என்னோடது. நான்தான் மாட்டியிருந்தேன்."

மருத்துவர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பின்னர் செவிலியரிடம் திரும்பி, "இவங்களுக்குத் தண்ணி குடுத்து உட்கார வைங்க. ரொம்பப் பதட்டமா இருக்காங்க" என்றார்.

நெஞ்சு அப்போது அமைதியாகத்தான் இருந்தது. பொய்யை ஒப்புக்கொண்டபோதுகூட அவரை எவரும் நம்பவில்லை. ஒரு செவிலியர் தண்ணீர்க் குவளையோடு வந்து அவர் தோளைத் தொட்டார். கம்பியைப் பிடித்திருந்த கையை ஊழியர் மெல்ல விலக்க முயன்றார்.

"அது உண்மைதான் டாக்டர்." தம்பி வண்டியில் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. "நான்தான் கழட்டிக் குடுத்தேன். வேலை போனாப் போகுது."

மருத்துவரின் முகம் சிவந்தது. "என்ன விளையாட்டு இது? உங்க ரெண்டு பேரையும் நான் எப்படி நம்பறது? கத்திக்குப் பயந்து சொல்றீங்களா, நெசமாச் சொல்றீங்களா?"

அப்போது பதிவுகளைப் படிக்கும் பெண், உள்ளறையின் வாசலில் வந்து நின்றார். இதயத்தின் கோடுகளைப் பார்ப்பதே அவருடைய தொழில். "சார், பாத்துடலாம். இவங்க ஈ.சி.ஜி.யும் நம்மகிட்ட இருக்கே. நீங்க அன்னைக்கு எடுக்கச் சொன்னது" என்றார்.

கோப்பிலிருந்து குறை இல்லை என்று மடித்து வைக்கப்பட்ட தாள் வந்தது. தம்பியின் தாள் வந்தது. கணினியில் அந்த ஒரு வாரப் பதிவு முழுவதும் விரிந்தது. வேகமெடுத்த பகுதியை அந்தப் பெண் பார்க்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இதயம் சாதாரணமாகத் துடித்த பகுதியைப் பெரிதாக்கினார். கையெழுத்தைப்போல, அமைதியான துடிப்பின் கோட்டுக்கும் ஆளுக்காள் ஒரு சாய்வும் வளைவும் உண்டு. புதன்கிழமை தம்பியின் கோடு. வெள்ளிக்கிழமை தம்பியின் கோடு. நடுவே வியாழன்.

"இந்த ஒரு நாள் வேற ஆள், சார்." மடித்த தாளைத் திரைக்கு அருகே பிடித்தார். "இந்த ஆள்."

மருத்துவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். நாற்காலி ஒன்றை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டு அமர்ந்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கிரேன் ஓட்டறேன். வார்ப்படப் பட்டறையில."

"கிரேனா? எவ்வளவு தூக்கும்?"

"உங்க லிஃப்ட்டு, இந்த வண்டி, நீங்க, நான், எல்லாத்தையும் சேத்துத் தூக்கும்."

மருத்துவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றார். எப்போது வருகிறது என்றும், தண்ணீர் போதிய அளவு குடிப்பதுண்டா என்றும் கேட்டார். அக்கா மணிகளின் கதையைச் சொன்னார். உடலில் நீர் வற்றினால் இது எளிதில் தூண்டப்படும் என்றார் மருத்துவர். இந்த வகைக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுவது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு எழுதுகோலை எடுத்தார்.

"சரி. உங்களுக்கு மாத்திரை எழுதறேன். ஆறு மாசம் சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் யோசிக்கலாம்."

அக்கா தாளை வாங்கவில்லை.

"தம்பிக்கு ஏன் டாக்டர் மாத்திரை குடுத்துப் பாக்கலை?"

"அவர் பஸ் ஓட்டறவர்..." என்று தொடங்கிய மருத்துவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "பொதுவா லேடீஸ் இதுக்குப் பயப்படுவாங்க. வேணாம்னு சொல்லுவாங்க" என்றார்.

"என்னை யாரும் கேக்கலையே."

பதிவுகளைப் படிக்கும் பெண் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருத்துவர் தாம் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கேக்கறேன். செஞ்சுக்கறீங்களா? ஆபத்து ரொம்பக் கம்மி. ஆனா இல்லைன்னு சொல்ல மாட்டேன். எப்பவாவது ஒருத்தருக்குத் துடிப்பு ரொம்ப மெதுவாகிப்போய், துடிப்பைத் தூண்டி விடற பேஸ்மேக்கர் கருவியை நெஞ்சுல வைக்க வேண்டி வரும்."

"அது வச்சாக் கிரேன் ஓட்டலாமா?"

"பட்டறையில பெரிய மோட்டாரெல்லாம் இருக்கும், அந்தக் கருவிக்கு அது ஆகாது. விடுவாங்களான்னு தெரியலை."

அக்கா தம்பியைப் பார்த்தார். "செஞ்சுக்கறேன்" என்றார்.

பத்து நாள் கழித்து அதே சிவப்பு விளக்குக்குள் அவர் சென்றார். மயக்க மருந்து தரவில்லை, விழித்தே கிடந்தார். கம்பி உள்ளே சென்ற பின், கோளாறைத் தூண்டிப் பார்த்தால்தான் இடத்தைக் கண்டுகொள்ள முடியும் என்றனர். மின்துடிப்பால் இதயத்தைச் சீண்டினர். வரவில்லை. மறுபடி சீண்டினர், அப்போதும் வரவில்லை. இன்றும் ஏமாற்றிவிடுமோ, வெறும் பயம் என்று மறுபடி எழுதிவிடுவார்களோ என்ற அச்சம்தான் கம்பியைப் பற்றிய அச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது என்று அவர் பின்னாளில் சொல்வார். மருத்துவர் ஏதோ மருந்தை ஏற்றச் சொன்னார். மீண்டும் ஒரு சீண்டல்.

பிடித்துக்கொண்டது. தொண்டைவரை அடித்தது.

"வந்துடுச்சு! எல்லாரும் பாருங்க, வந்துடுச்சு!" என்றார் திரையின் முன்னிருந்த அந்தப் பெண்.

அக்காவின் கண்களிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. வலிக்கிறதா என்று கேட்டனர். இல்லை என்று தலையசைத்தார். மூன்று ஆண்டுகளாக அவர் ஒருவரே கண்டிருந்ததை இப்போது ஓர் அறை நிறைய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர்.

பின்னர்த்தான் அபாயமான பகுதி. கம்பியின் முனை சூடேறியபோது திரையில் துடிப்பு தடுமாறி, ஒரு நீண்ட இடைவெளி விட்டது. "நிறுத்துங்க" என்ற குரல் கேட்டது. அறை மூச்சுவிடாமல் காத்திருந்தது. அடுத்த துடிப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. முனையை மயிரிழை நகர்த்தி மீண்டும் சுட்டனர். அதன் பிறகு எவ்வளவு சீண்டியும் அந்த ஓட்டம் திரும்பவில்லை.

தம்பியைப் பணிமனை சும்மா விடவில்லை. கருவியைக் கைமாற்றியதற்காக அந்த ஆண்டு முடியும்வரை வண்டி கழுவும் பிரிவில் போட்டனர். மறுபதிவு சுத்தமாக வந்ததையும், நடந்தது என்னவென்பதையும் மருத்துவரே எழுதிக் கொடுத்ததால் ஸ்டியரிங் திரும்பக் கிடைத்தது. பணிமனையில் அவனுக்கு வாடகை நெஞ்சு என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அக்கா இரண்டு மாதங்களுக்குப் பின் ஏணியில் ஏறினார். இம்முறை தோளில் ஒரு தண்ணீர்ப் புட்டி தொங்கிற்று. அதில் கால்வாசி குறைந்ததும், முற்பகல் வேலை மும்முரமாக நடக்கும்போதே, இரண்டு மணி அடித்தார். பழைய பழக்கத்தில் அச்சுப் பக்கமிருந்து ஒருவன், "மகாராணி..." என்று தொடங்கினான்.

விசில் திரும்பினார். "பல்லக்கு நம்ம தலைக்கு மேலதான்டா தொங்குது. வாயை மூடிட்டு மாத்து ஆளைக் கூப்பிடு" என்றார்.

அதன்பின் அந்தப் பட்டறையில் இரண்டு மணிக்கு எவரும் சிரிக்கவில்லை. சில மாதங்களில் ஆண்களும் அதை அடிக்கத் தொடங்கினர். மேலே இருந்த காலிப் புட்டி எப்போது மறைந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. அக்கா மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் கிரேன் ஓட்டினார். கடைசியாக இரண்டு மணி அடித்து அவர் இறங்கியது 2018 செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை.